பாப்பம்

திங்கட்கிழமை காலையில் ரொறன்ரோ பார்லிமென்ற் வீதிச் சலவைக்கடையில் ஒரு மெஷின் முழுக்க வெள்ளைச் சேர்ட்டுகள் சுழன்றால் அவை யாருடையவை என்று விசாரிக்கத் தேவையில்லை. எனக்கு அப்போது பின்னேர வேலை. வீட்டில் உடுப்புத் தோய்ப்பது என் பங்கு. 2017 மாசி மாதத்துத் திங்கள் ஒன்றில் மூலை வாங்கில் இரண்டு பொடியள் இருந்தார்கள். ஒருவன் ஐடஹோவிலிருந்து வந்த நெட்டையன், பத்தொன்பது வயது. மற்றவன் கட்டை, கண்ணாடி போட்டவன். பிலிப்பைன்ஸ் தாய் தகப்பனுக்கு அல்பேர்ட்டாவில் பிறந்தவன். அன்று அவர்கள் ரை கட்டவில்லை. இருந்தாலும் நெட்டையன் எழும்பிச் சில்லறை மாற்றப் போனபோது கட்டையன் தலையை நிமிர்த்தி, அவன் திரும்பி வரும்வரை கண்ணை எடுக்காமல் இருந்த விதத்தில் மோர்மன் ஊழியக்காரர் என்று விளங்கிவிட்டது. துணைவன் கண்ணிலும் காதிலும் படும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம்.

நெட்டையன் சவர்க்காரத் திரவத்தைப் பாயசம்போல ஊற்றினான். எனக்குப் பொறுக்கவில்லை. சேர்ட்டின் கொலரில் மஞ்சள் அப்படியே இருக்கிறது, அது மெஷினுக்கு அசையாது, முதலில் கட்டிச் சவர்க்காரம் போட்டுக் கையால் தேய்க்க வேண்டும் என்று சொன்னேன். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வெள்ளைச் சேர்ட் பன்னிரண்டு வருசத்துக் கவலை. அம்மா சன்லைற் சவர்க்காரத்தால் கொலரை உரசி, வெயிலில் போட்டு, கடைசித் தண்ணியில் றொபின் நீலம் கலந்து அலசுவா. நெட்டையன் சட்டைப்பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்து அதை எழுதினான். சன்லைற் என்பதற்கு எழுத்துக்கூட்டக் கேட்டான். எதையும் எழுதிவைக்கும் பழக்கம் அவர்களுக்கு என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தங்களை மோர்மன் என்று அழைப்பதை அவர்களுடைய திருச்சபை இப்போது விரும்புவதில்லை. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப் பெயர். 1830-இல் நியூயோர்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. தலைமையகம் யூட்டாவின் சோல்ற் லேக் சிற்றியில். ஆண்பிள்ளைகள் இரண்டு வருசம், பெண்பிள்ளைகள் பதினெட்டு மாதம் ஊழியம் செய்வார்கள். எந்த நாடு என்பதைச் சபை முடிவுசெய்து அறிவிக்கும். பிள்ளைக்குத் தேர்வு இல்லை. ஆண்களுக்குப் பத்தொன்பது என்றிருந்த வயது 2012-இல் பதினெட்டானது. செலவைப் பிள்ளையோ குடும்பமோ கட்ட வேண்டும்: அந்த நாளில் மாதம் 400 அமெரிக்க டொலர், 2020 ஆடியிலிருந்து 500. எங்கே அனுப்பினாலும் ஒரே தொகை. டோக்கியோவுக்குப் போகிறவனும் லீமாவுக்குப் போகிறவனும் ஒரே காசைத்தான் கட்டுகிறார்கள். நெட்டையன் உருளைக்கிழங்குப் பண்ணையில் இரண்டு கோடை வேலைசெய்து சேர்த்திருந்தான்.

காலை ஆறரைக்கு எழும்ப வேண்டும். அரை மணி உடற்பயிற்சி. பிறகு சாப்பாடு, தனிப் படிப்பு, துணைவனோடு சேர்ந்த படிப்பு. பத்து மணிபோல வெளிக்கிட்டால் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் வீடு. பத்தரைக்கு விளக்கு அணைய வேண்டும். தொலைக்காட்சி இல்லை, காதல் இல்லை, நீச்சல்கூட இல்லை. ஆறு கிழமைக்கொருமுறை மாற்றம் வரும். துணைவன் மாறலாம், இடம் மாறலாம், இரண்டும் மாறலாம். திங்கட்கிழமை மட்டும் ஆயத்த நாள்: உடுப்புத் தோய்க்க, சாமான் வாங்க, வீட்டுக்கு மின்னஞ்சல் எழுத. தொலைபேசியில் வீட்டோடு பேசுவது அப்போது வருசத்தில் இரண்டே தரம், நத்தாருக்கும் அன்னையர் தினத்துக்கும்.

முதற்பெயரும் அவர்களுக்கு இல்லை. பெயர்த்தகட்டில் 'எல்டர்' என்றும் குடும்பப் பெயரும் மட்டும். துணைவனும் அப்படித்தான் கூப்பிடுவான். தமிழ் வேதாகமத்தில் அந்தச் சொல் 'மூப்பர்'. முகத்தில் பரு ஆறாத மூப்பர் இருவர், கொலர் தேய்க்க என்னிடம் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் இருக்கும் சென் ஜேம்ஸ் ரவுண் கதவு தட்டிப் பிழைக்கிறவனுக்கு ஏற்ற இடமில்லை. ஷேர்போர்ணுக்கும் பார்லிமென்றுக்கும் இடையில் 19 உயர்மாடிக் கட்டடங்கள். குடிசனக் கணக்கெடுப்புப்படியே 18,000-க்கு மேற்பட்ட சனம். 1960-களில் இவற்றைக் கட்டியவர்கள் மனதில் வைத்திருந்தது கலியாணம் கட்டாத, நடுத்தர வருமானமுள்ள, நகரத்தில் உத்தியோகம் பார்க்கிற இளசுகளை. அதனால்தான் ஓரறை வீடுகள் இத்தனை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் கனடா நகரம் ஒன்றின் பெயரையும் வைத்தார்கள். அந்த இளசுகள் போய், நாங்கள் வந்தோம். பிலிப்பைன்ஸ், எரித்திரியா, நேபாளம் என்று மற்றவர்களும் வந்தார்கள். கதவுகள் ஆயிரக்கணக்கில் அடுக்கிக் கிடக்கின்றன. ஆனால் கீழே ஒரேயொரு கண்ணாடிக் கதவு. பஸர் எண் தெரியாமல் உள்ளே வர முடியாது. வந்தாலும் காவலாளி திருப்பி அனுப்புவான். கிராமத்துப் போதகருக்கு நூறு படலை. இவர்களுக்கு ஒரு கண்ணாடி.

ஆகவே பொடியள் வெளியில் நின்றார்கள். வெல்லெஸ்லி பஸ் தரிப்பில், ஷேர்போர்ண் சுரங்க ரயில் நிலையத்தடியில், குவிமாடம் வைத்த லூர்து மாதா கோயிலுக்குப் பக்கத்து நடைபாதையில். வண்டிலில் சாமான் இழுத்துவரும் கிழவிகளுக்குக் கதவைப் பிடித்துக்கொடுத்தார்கள். பனி அள்ளினார்கள். வெள்ளைக்காரர் 'வேண்டாம், நன்றி' என்று நடையைத் தளர்த்தாமலே சொல்லிப் போனார்கள். இன்னும் சிலர் அந்த நன்றியையும் மிச்சம் பிடித்தார்கள். ஒருநாளில் எத்தனை தரம் என்று கேட்டபோது கட்டையன் சிரித்தான். எண்ணுவதில்லையாம். நெட்டையன் எண்ணியிருந்தான், ஆனால் சொல்லவில்லை.

நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. சலவைக்கடையில் பழகிய இரண்டாம் கிழமை, பஸர் அடித்தது. "ஆரப்பா?" என்று மனிசி கேட்டா. "ரெண்டு பொடியள், வேதக்காரர்" என்றேன். "குளிருக்குள்ள நிக்குதுகள், மேல வரச் சொல்லுங்கோ" என்றா. நாங்கள் சைவக்காரர். சாமியறை என்று தனியாக இல்லாவிட்டாலும் குசினி அலுமாரியின் மேற்தட்டில் பிள்ளையாரும் நல்லூர் முருகனும் இருக்கிறார்கள். அதுக்கும் வந்தவரை இருத்துவதற்கும் சம்பந்தமில்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார்கள். நெட்டையனின் ஒரு காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது.

தேத்தண்ணி போட மனிசி போனா. "தேநீர் குடிக்கமாட்டோம்" என்றான் கட்டையன். கோப்பியும் இல்லை. ஜோசப் ஸ்மித்துக்கு 1833-இல் கிடைத்த வெளிப்பாடு அவற்றை விலக்குகிறதாம். மனிசி குசினி வாசலில் கேத்திலோடு நின்றா. வீட்டுக்கு வந்தவன் பச்சைத்தண்ணியோடு போனால் எங்களுக்கு அது பெரிய குறை. மறுப்பவனுக்கோ அது கட்டளை. ஒரு நிமிசம் யோசித்துவிட்டு, கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் தட்டி அவித்து, சீனி போட்டுக் கொண்டுவந்தா. தேயிலை இல்லை, கோப்பி இல்லை, தடிமனுக்கும் நல்லது. பொடியள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, சட்டத்தை மனதுக்குள் புரட்டி, குடித்தார்கள். நெட்டையன் இரண்டாம் தரமும் கேட்டான்.

பிறகு பாடம் தொடங்கியது. தங்கத் தகடுகள், தேவதூதன், பதினான்கு வயதுப் பிள்ளை தோப்புக்குள் செய்த செபம். எங்களுக்கு இதில் எதுவும் நம்பமுடியாததாகப் படவில்லை. ஞானப்பால் குடித்த மூன்று வயதுப் பிள்ளையின் கதையோடு வளர்ந்தவர்கள் நாங்கள். பதினான்கு வயது கொஞ்சம் முற்றின வயதென்றுதான் சொல்ல வேண்டும். தலையாட்டிக் கேட்டோம். புத்தகத்தைத் தந்தார்கள், இரண்டு கையாலும் வாங்கினோம். தமிழில் அச்சான பிரதியும் உண்டு, எடுத்துத் தருவோம் என்றார்கள். அடுத்த கிழமை மல்லித் தண்ணியும் பருத்தித்துறை வடையும். அன்று கட்டையன் கண்ணாடியைச் சரிசெய்து, நேராகப் பார்த்து, ஞானஸ்நானம் பெற்றுக்கொள்வீர்களா என்று கேட்டுவிட்டான். நாளும் குறித்துக்கொண்டு வந்திருந்தான்.

நான் சொன்னேன்: "பாப்பம்."

ஆங்கிலத்தில் சொன்னேன்தான். ஆனால் சொன்னது தமிழ்ச்சொல்லை. யாழ்ப்பாணத்தான் 'பாப்பம்' என்றால் அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. கடன் கேட்டவனுக்குப் பாப்பம். கலியாணம் பேசி வந்த தரகருக்குப் பாப்பம். அதைக் கேட்ட யாழ்ப்பாணத்தான் குடையை எடுத்துக்கொண்டு எழும்புவான். இல்லை என்ற சொல்லைச் சொல்லாமலே இல்லை என்றாகிவிட்டது, இரண்டு பேருக்கும் முகம் மிஞ்சியது. ஐடஹோக்காரனுக்கு அந்த அகராதி இல்லை. அவன் மொழியில் பார்ப்போம் என்றால் பார்ப்பதாக அர்த்தம். கண் மலர்ந்துபோனான். கொப்பியில் எழுதினான்.

இதற்கு ரொறன்ரோவில் பழைய முன்மாதிரி ஒன்று இருக்கிறது. 1836 சித்திரையில், நகரமாகி இரண்டே வருசமான ரொறன்ரோவுக்குப் பார்லி பி. பிராட் என்ற மோர்மன் போதகர் வந்தார். ஹமில்ரனில் முன்பின் தெரியாத ஒருவர் பத்து டொலரும் ஒரு அறிமுகக் கடிதமும் கொடுத்து ஏற்றிவிட்டிருந்தார். கடிதம் ஜோன் ரெய்லருக்கு: இங்கிலாந்திலிருந்து குடிபெயர்ந்தவர், மரம் கடைகிறவர், மெதடிஸ்ற் போதகர். ரெய்லரின் மனைவி லியோனோரா வந்தவரை வரவேற்று, பட்டறையிலிருந்து புருசனைக் கூப்பிட்டு, தேநீரும் கொடுத்தார். பிராட் தன் சரித்திரத்தில் இதை எழுதிவைத்திருக்கிறார். வெளிப்பாடு வந்து மூன்று வருசமாகியும் குடித்திருக்கிறார். அந்தக் கட்டளை இறுகியது பிற்காலத்தில். தேநீர் கிடைத்ததே தவிர, ஊக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த நாள் ஊர்ப் பாதிரிமாரிடம் போனார், நகர அதிகாரிகளிடம் போனார், பிரசங்கம் செய்ய ஒருவரும் இடம் கொடுக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரெய்லர் வீட்டுக்கு விடைபெறப் போன இடத்தில், வோல்ரன் என்ற விதவை வந்து சேர்ந்தார். கதையைக் கேட்டு, என் வீட்டுக்கு வாரும் என்றார். ரொறன்ரோவில் அந்தச் சபைக்குத் திறந்த முதல் கதவு அது. ரெய்லர் கேட்டு, வாதாடி, ஒரு மாதத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1880-இல் சபையின் மூன்றாவது தலைவரும் ஆனார்.

இந்தக் கதை ஊழியப் பொடியளுக்கு மனப்பாடம். நெட்டையன் என் வீட்டுச் சோபாவில் இருந்து அதைச் சொன்னபோது குரல் மாறியது. தேநீர் கொடுத்து அனுப்பப் பார்த்தவன் தலைவனானான் என்றால், மல்லித் தண்ணி கொடுத்தவன் ஆகமாட்டான் என்று யார் சொல்வது? எங்கள் உபசாரம் அவனுக்கு அத்தாட்சியாகிவிட்டது. வீதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் அவனுக்குச் செய்தது சின்னக் காயம். ஒரு நிமிசம் எரியும், ஆறும். நாங்கள் கிழமைக்குக் கிழமை அவனுக்கு நம்பிக்கை ஊட்டிக்கொண்டிருந்தோம். எது பெரிய கொடுமை என்று கேட்டால், எனக்கு இப்போது பதில் தெரியும்.

இதை என் ஒருவனின் குணமென்று தள்ளிவிட முடியாது. எங்கள் ஊரே அமெரிக்க மிஷனரிமாருக்கு நீண்டகாலம் பாப்பம் சொன்ன ஊர். 1816-இல் அவர்கள் யாழ்ப்பாணத்தில் இறங்கினார்கள். இரண்டு வருசத்துக்கல்ல, பெரும்பாலும் ஆயுளுக்கு. தெல்லிப்பழையில் தொடங்கிய டானியல் பூவர் 1855-இல் மானிப்பாயில் வாந்திபேதியில் செத்துப்போனார். வட்டுக்கோட்டையில் 1823-இல் செமினரி வந்தது: ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம், தமிழ், சமஸ்கிருதம். சாப்பாடும் படிப்பும் இலவசம். பிள்ளைக்கு அமெரிக்காவில் காசு கொடுத்தவரின் பெயரைச் சூட்டினார்கள். அந்தக் காலத்துப் பெயர்த்தகடு. பிள்ளைகளை அனுப்பினோம், பெயரை வாங்கினோம், படிப்பையும் வாங்கினோம். பொஸ்ரனிலிருந்து தலைமைப்பீடத்தார் வந்து கணக்குப் பார்த்தபோது, போதகராக வேண்டியவர்கள் எல்லாம் அரசாங்க உத்தியோகத்துக்குப் போயிருந்தார்கள். 1855-இல் செமினரியை மூடினார்கள். 1857-இல் மதராஸ் பல்கலைக்கழகத்தின் முதல் பீ.ஏ. பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். கறல் என்பது அந்த அமெரிக்கப் பெயரின் மிச்சம். இரண்டு பேரும் பிற்பாடு சைவத்துக்குத் திரும்பினார்கள்.

முகத்துக்கு நேரே இல்லை என்று சொன்னவர் ஆறுமுக நாவலர். அதைச் சொல்வதற்கு அவர் பாதிரிமாரின் பள்ளிக்கூடத்தில் படித்து, பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலியத்தை மொழிபெயர்த்து, பிறகு 1847 டிசெம்பர் 31-இல் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் அவர்களுடைய பாணியிலேயே பிரசங்கம் தொடங்க வேண்டியிருந்தது. இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல, எதிரே நிற்பவனை அந்தளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்போல.

மோர்மன்காரரும் தமிழரிடம் வந்து பார்த்தவர்கள்தான். 1853-இல் ரிச்சர்ட் பலன்ரைன் துணைவர்களோடு மதராஸில் இறங்கினார். இலங்கைக்கும் இருவர் போனார்கள். பெரிதாக ஒன்றும் விளையவில்லை. நூறு வருசம் கழித்து நடந்தது தலைகீழ். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கணக்காளர் போல் திருத்துவதாஸ் அவர்களுடைய பழைய துண்டுப்பிரசுரம் ஒன்றைக் கண்டெடுத்து, தானாக சோல்ற் லேக் சிற்றிக்குக் கடிதம் எழுதினார். எழுதிக்கொண்டேயிருந்தார். அவருக்கு ஞானஸ்நானம் கிடைத்தது 1965-இல். கதவைத் தட்டியவர் தமிழர். பத்து வருசம்போலப் பாப்பம் சொன்னது சபை.

எனக்கும் அந்தச் சொல்லைச் சொன்னார்கள். 1988-இல், நெட்டையனின் வயதில், நான் இதே வெல்லெஸ்லியில் வந்து இறங்கினேன். ஓரறை வீட்டில் ஏழு பேர். யாரோடு இருப்பது என்பது என் தெரிவில்லை. ஏஜென்சிக்காரன் கொடுத்த தொலைபேசி எண்ணில் யார் எடுத்தார்களோ அவர்களோடு. இரவு வேலைக்காரன் எழும்பிய மெத்தையில் பகல் வேலைக்காரன் படுப்பான். உணவகத்தில் என் பெயரின் வாலை வெட்டி இரண்டெழுத்தாக்கினார்கள். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அடுத்த வருசம் தைமாதம் புதிய அகதிச் சபை வந்தது. பழைய விண்ணப்பக்காரர் தேங்கி நின்றோம். கடிதம் வரும், காத்திருக்கவும் என்று. மரியாதையான கடிதம். 1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் தொலைபேசியும் செத்துப்போனது. அம்மாவோடு பேச வேண்டுமென்றால் அவ பாஸ் எடுத்து, கிளாலியில் வள்ளம் ஏறி, கொழும்பு லொட்ஜ் ஒன்றுக்கு வரவேண்டும். ஐந்து வருசத்தில் இரண்டு தரம் வந்தா.

வருசத்தில் இரண்டு தரம் என்று பொடியள் சொன்னபோது மனிசிக்குக் கண் கலங்கியது. எனக்கு வந்தது கொஞ்சம் பொறாமை, மறைக்க என்ன இருக்கிறது. நெட்டையனுக்குத் திரும்பிப் போகும் திகதி தெரியும். இன்னும் எத்தனை நாள் என்பது தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பண்ணை இருந்த இடத்தில் இருக்கும், தாய் விமான நிலையத்தில் நிற்பா. எங்கள் ஏழு பேரில் ஒருவனுக்கும் அப்படியொரு திகதி இருந்ததில்லை. ஆனாலும் அவனுடைய கிழிந்த காலுறையும், யாரோ தீர்மானித்த துணைவனும், இன்னொரு மொழிக்குள் நாக்கு தடுக்குவதும், சரியான குளிர்ச்சட்டை வாங்கத் தெரியாமல் கழித்த முதல் மாரியும் எனக்குத் தெரிந்தவை. அவனைக் கண்டால் சோறு போடத்தான் தோன்றும்; மறுக்கத் தோன்றாது.

எங்கள் கதவுக்கு இரண்டிரண்டாக வேறு ஆட்களும் வந்திருக்கிறார்கள். மலிவுவிலைத் தொலைபேசித் திட்டம் விற்றவர்கள், காப்புறுதிக்காரர், பிறகு புலிகள் இயக்கத்துக்குக் காசு சேர்த்தவர்கள். கடைசியாகச் சொன்னவர்களிடம் பாப்பம் செல்லாது. அது அவர்களுக்கும் தாய்மொழி. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2006-இல் அந்த வாசற்படிப் பேச்சுகளைப் பற்றி அறிக்கையே வெளியிட்டது. அந்தக் காலத்தில் ஷோகேசின் மேலே இருந்த படத்தையும் கணக்கிலெடுத்துத்தான் கதவைத் திறப்போம். அதோடு பார்த்தால், திறந்தவன் தலையை ஆட்டினால் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப்போகும் இரண்டு பொடியள் எவ்வளவு பாவங்கள்.

ஒரு திங்கட்கிழமை சலவைக்கடையில் நெட்டையன் இல்லை. மாற்றம் வந்துவிட்டது. கட்டையன் புதுத் துணைவனோடு நின்றான், அடுத்த மாற்றத்தில் அவனும் போனான். பிறகு வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். முகங்கள் குழம்பிவிட்டன. 2018 ஆவணியில் 650 பார்லிமென்றில் தீப்பிடித்து, 1,500-க்கு மேற்பட்டோர் ஒரே நாளில் வெளியேறினார்கள். ஒன்றரை வருசத்துக்கு மேல் அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை. பொடியளின் பட்டியலிலும் அந்தக் கதவுகள் சில இருந்திருக்கும். கொஞ்சக்காலம் எங்கள் பஸரும் அடிக்கவில்லை.

2019 வைகாசியில் அடித்தது. மேலே வந்தவர்கள் இருவரும் புதியவர்கள். ஒருவன் தொங்காத்தீவுக்காரன், வாசலை நிறைத்து நின்றான். மற்றவன் யூட்டா, அரும்பு மீசையைச் சிரைத்த காயம். அந்த மாசியிலிருந்து சட்டம் மாறி, கிழமைக்கொருதரம் வீட்டோடு பேசலாம் என்றாகியிருந்தது. நல்லதுதானே என்றேன். நல்லதுதான், ஆனால் திங்கட்கிழமை இரவு நித்திரை வருவதில்லை என்றான் யூட்டாக்காரன். கையில் கொப்பி இல்லை, தொலைபேசி. முன்னால் வந்தவர்கள் எழுதியதெல்லாம் அதற்குள் ஏறியிருந்தது. என் பெயர், கதவு இலக்கம், பின்னேர வேலை, எந்தப் பாடம்வரை கேட்டார், ஞானஸ்நானம் பற்றி என்ன சொன்னார். இரண்டு வருசமாக என் பாப்பம் கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது; ஒவ்வொரு ஆறு கிழமையும் யாரோ ஒரு பிள்ளை அதைத் திறந்து படித்து, இந்த வீட்டில் வாய்ப்பு இருக்கிறது என்று நினைத்திருக்கிறான்.

அவன் வாய் திறக்க முதல் நான் சொன்னேன். இல்லை, தம்பி. நான் ஞானஸ்நானம் பெறமாட்டேன். இப்பவும் இல்லை, பிறகும் இல்லை. உங்களில் பிழையில்லை, நீங்கள் வரலாம், இருக்கலாம், சாப்பிடலாம், ஆனால் இது நடக்காது, அதை அப்படியே எழுதுங்கோ. ஆங்கிலத்தில் சொன்னதால் முடிந்தது. தமிழில் இந்த வசனங்களை வந்த ஆளின் முகத்துக்கு நேரே நான் ஒருநாளும் சொன்னதில்லை. குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது. "என்னப்பா இப்பிடிச் சொல்லிப் போட்டியள்" என்று மனிசி மெல்லக் கேட்டது காதில் விழுந்தது.

யூட்டாக்காரன் தொலைபேசியைக் குனிந்து பார்த்து இரண்டு விரலால் எழுதினான். எழுத நேரமெடுத்தது. பிறகு அதைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, துணைவனை ஒருதரம் பார்த்தான்.

"இங்கே ஒரு பானம் தருவார்கள் என்று எழுதியிருக்கிறது" என்றான். "இஞ்சி போட்டது. அது இன்னும் இருக்கிறதா?"